அக்காவும் பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரும்

போன வாரம் என் மகன் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வயர் கிடையாது, பெட்டி கிடையாது. செல்போனைத் தொட்டதும் பாடியது. "எவ்வளவு சத்தம் பாருங்கம்மா" என்றான். சத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் ஓடிய மேளத்தைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மேளம் அடித்த மாதிரியே இல்லை. எங்கோ மேளம் அடித்தார்கள் என்று யாரோ தகவல் சொன்ன மாதிரி இருந்தது. "நிறுத்துடா அதை" என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போனது. அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

நம் வயதுக்காரர்களிடம் சொன்னால் புரியும் என்றுதான் உங்களிடம் சொல்கிறேன். நாற்பதை நெருங்கிவிட்டோம். முட்டி வலிக்கிறது, தலைக்குச் சாயம் அடிக்கிறோம், பிள்ளைகள் நம்மை ஏதோ பழைய காலத்து மனுஷர்கள் என்று பார்க்கிறார்கள். கேசட் போய் சி.டி. வந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் பாவாடை சட்டையோடு திரிந்தவள் நான். எங்கள் தெருவில் ஒரே ஒருவரிடம் செல்போன் இருந்தது. நான் ரேடியோ செட்டுக்காரர் மகள். அதனால் சத்தத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

சாத்தூரிலிருந்து தாயில்பட்டி போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். தாத்தா காலத்தில் காட்டு வேலைக்குக் கூலி போன ஜனங்கள். அப்பா காலத்தில் தீப்பெட்டிக்குப் போனார்கள், அக்கா காலத்தில் பட்டாசுக்குப் போனார்கள். விடியும்போது கம்பெனி வேன்கள் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு போய்விடும். அப்பா மட்டும் போக மாட்டார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், காளியம்மன் கோயில் பொங்கல், எல்லாவற்றுக்கும் அவருடைய ரேடியோ செட்தான். வேப்பமரத்தில் தகரக் குழாய்களைக் கட்டினால் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். வீட்டில் ஒரு எட்டு இஞ்ச் ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. கேசட் நன்றாக இருக்கிறதா என்று அதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விசேஷ வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அப்பாவுக்கு அந்தக் குழாயும் பிடிக்காது, அந்தப் பெட்டியும் பிடிக்காது. பந்தலுக்குத் தேதி சொல்ல வந்தவரைக்கூட உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்.

"சத்தத்தைக் கூட்ட யாராலயும் முடியும். தட்டு வேணும்ல? தவில்காரன் மெதுவா உருட்டிக்கிட்டே வருவான். திடீர்னு ஒண்ணு போடுவான் பாருங்க, அது நெஞ்சுல வந்து விழணும். இந்த எட்டு இஞ்ச் என்ன செய்யும்? உருட்டுனதையும் போட்டதையும் ஒரே மட்டமா ஆக்கிரும். அம்புட்டுக் காத்தத் தள்ள அதுக்குத் தெம்பு கிடையாது. உள்ளங்கையால வீசுறதுக்கும் மொறத்தால வீசுறதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"மொறத்தால வீசுனா அடுப்பாவது எரியும். உங்க ஸ்பீக்கரால என்ன எரியுது?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்பாள்.

அப்பா சொன்னது சரிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரைப் பற்றி அவர் சொன்ன எதுவும் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நெஞ்சில் விழுகிற சத்தம் என்றால் என்னவென்று விளக்கவும் வேண்டாம். கம்பெனிகளில் சாம்பிள் வெடி போடுவார்கள், அது ஒரு மாதிரி. கல் உடைக்க வேட்டு வைப்பார்கள், அது ஒரு மாதிரி. இரண்டிலும் சேராத ஒரு சத்தம் உண்டு. அது கேட்டால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எச்சில் கையோடு தெருவுக்கு ஓடிவந்து, எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்ப்பார்கள்.

அப்பாவின் பாடத்தை அலுக்காமல் கேட்கிற ஒரே ஆள் அக்காதான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பத்தாவதோடு நிறுத்திவிட்டு சரவெடி பின்னப் போனாள். உட்கார்ந்த இடத்தில் சடை பின்னுவது போலத் திரியை மாற்றி மாற்றிப் போட்டு வெடிகளைக் கோத்துக்கொண்டே போகிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது முழங்கை வரை வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி மினுமினுப்பாள். அந்த வெடிமருந்துத் தூளின் வாடை, எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் தாவணியை விட்டுப் போகாது. வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு, அப்பா போடுகிற பாட்டுக்கெல்லாம் கூடவே பாடுவாள். சுருதி சேராது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது.

அந்த வருஷம் மாசியில் அக்கா வேலை பார்த்த கம்பெனியில் வெடித்தது. மருந்து செலுத்துகிற ரூமில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். அக்கா அடுத்த ரூம். நடுவில் இருந்த சுவர் அவள் பக்கம் விழாமல் மறுபக்கம் விழுந்தது. வேன் கொண்டுவந்து இறக்கியபோது அவள் மேல் ஒரு கீறல் இல்லை. காதோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், காளியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். தெருவே வந்து "மறு பிறவி" என்று சொல்லிவிட்டுப் போனது. அக்கா நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தாள். "என்ன? என்ன சொல்றீக? சத்தமாச் சொல்லுங்க" என்று கத்தினாள்.

சாத்தூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது, அதற்கும் உள்ளே என்ன ஆனதென்று மதுரையில் டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். அப்பா வெளியே வந்து, "அடைச்சிருக்கு, அம்புட்டுதான். தெளிஞ்சிரும்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

அத்தை வந்தார். அப்பாவின் தங்கை, நாரணாபுரத்தில் வாக்கப்பட்டவர். அவருடைய மகனுக்குத்தான் அக்கா என்று சின்ன வயதிலேயே பேச்சு. அந்த அத்தை மகன் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் வேலை பார்த்தார். காலண்டர் அச்சடித்து மிஞ்சிய பளபளப்புத் தாள்களை என் நோட்டுக்கு அட்டை போடக் கொண்டுவருவார். அக்கா அவரைப் பார்த்தால் மட்டும்தான் பாட்டை நிறுத்துவாள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அத்தை அக்காவிடம் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப் போனார்.

"மதினி, நான் சொல்றேன்னு வருத்தப்படாதீக. நாளைக்கு ஒரு பிள்ள பிறந்து தொட்டில்ல கெடந்து அளுதா, இவளுக்கு எப்படிக் கேக்கும்?"

அத்தை கெட்டவர் இல்லை, நினைத்ததைக் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். அக்காவுக்குக் காது கேட்கிறதா, இல்லையா. கேட்டால் கல்யாணம். கேட்காவிட்டால் அவள் எங்கள் வீட்டோடு கிடக்க வேண்டும்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை அப்பா எங்கள் இரண்டு பேரையும் மதுரைக்குக் கூட்டிப் போனார். ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிறவர் அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மதுரைக்கு வந்த இன்னொரு காரியம் அப்பாவுக்கு இருந்தது. காளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்குப் பெரிய ஸ்பீக்கர் வேண்டும். குழாய்ச் செட்டை இனிமேல் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், சிவகாசி செட்டுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக இறக்குகின்றன என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

கடை முழுக்க ரெக்சின் வாடை. பீரோ உயரத்துக்குப் பெட்டிகள். முன்பக்கத் துணியை எடுத்துவிட்டுக் கடைக்காரர் உள்ளே இருந்ததைக் காட்டினார். எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையின் வாயைவிட அகலமாக ஒரு கறுப்புக் காகிதக் கூம்பு. பதினெட்டு இஞ்ச். அப்பா அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அக்காவுக்கு அதிலெல்லாம் மனசில்லை. கடை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்து நின்றாள்.

கடைக்காரர் நையாண்டி மேளம் கேசட்டைப் போட்டார். முதலில் நாயனம் வந்தது. அக்கா அசையவில்லை. தவில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தது. அசையவில்லை. பிறகு முதல் அடி விழுந்தது. கூம்பு முன்னே வந்து பின்னே போனதைக் கண்ணால் பார்த்தேன். என் பாவாடை காலோடு ஒட்டிப் பிரிந்தது. அக்கா தூக்கிவாரிப்போடத் திரும்பினாள்.

அப்பா அப்படியே அந்தக் கடைக்குள் உட்கார்ந்து அழுதார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா சிரித்தாள், அழுதாள், பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்றாள். நானும் அழுதேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் போகவில்லை, அதற்கு அடுத்த வாரமும் போகவில்லை. காது டெஸ்டுக்கு என்று மதுரை போனவர்கள் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு திரும்பி வந்தோம்.

வீட்டில் அப்பா முறையாகச் சோதித்தார். அக்காவைச் சுவரைப் பார்க்க நிற்க வைத்து எட்டு இஞ்சில் அதே கேசட்டைப் போட்டார். அவள் திரும்பவில்லை. பதினெட்டு இஞ்சில் போட்டார். திரும்பினாள். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் நடந்தது.

"பாத்தியா? கோளாறு எம் பிள்ள காதுல இல்ல. இத்தன நாளா இந்தத் தகர டப்பாலதான் கோளாறு" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒரு ரேடியோ செட்டுக்காரர் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். ஒரு பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் அவர் முதலில் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்படுவார். கேட்கிறவரின் காதைச் சந்தேகப்படுவது அவர் தொழிலில் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறாளேங்க. மொகத்தப் பாத்து பேசுனாத்தான் பதில் சொல்றா" என்றாள்.

"ஓந் தொண்டை நாலு இஞ்ச். அது எப்படிக் கேக்கும்?" என்று அப்பா சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "காது தெளிஞ்சுக்கிட்டு வருது. மொதல்ல பெரிய சத்தம் கேக்கும். போகப் போகச் சின்னதும் கேக்கும். கொஞ்சம் பொறு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அம்மாவும் நம்ப விரும்பினாள்.

அக்காவிடம் நானே கேட்டேன். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து, "நெசமாவே கேக்குதாக்கா?" என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஈரக்கையை நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டினாள்.

"இங்கன கேக்குது."

"காதுல?"

"கேக்குதான்னு திரும்பத் திரும்பக் கேக்காத. கேக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஆவணி வரைக்கும் கேக்கும்."

இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "ஓடிப் போயிரு. ஊர்ல போயி ஒளறி வைக்காத" என்றாள். அதற்கப்புறம் அவள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மாமியாரைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி ரூமில் உட்கார வைத்து, காதில் மாட்டி, ஊசி மாதிரி மெல்லிய சத்தங்களாக விட்டுச் சோதித்தார்கள். ஏன் இவ்வளவு மெல்லிசாக விடுகிறீர்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் டாக்டர் சிரித்தார். "பெரிய சத்தம்னா உடம்பே வாங்கிக்கும்மா. பின்னாடி கதவை அறைஞ்சு சாத்தினா சுத்தமா காது கேக்காதவங்களும் திரும்புவாங்க. அதை வச்சுக் காது கேக்குதுன்னு முடிவு பண்ணக் கூடாது. மனுஷங்க பேசுறது கேக்குதான்னுதான் பார்க்கணும்" என்றார். எல்லாருக்கும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். இவ்வளவுதானா, இந்த ஒரு விஷயத்தை எங்கள் ஊரில் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

சித்திரைப் பொங்கல் வந்தது. காளியம்மன் கோயில் முன்னால் அப்பா அந்த இரண்டு பெட்டிகளையும் இறக்கினார். மஞ்சள் தெளித்து, சூடம் காட்டி, பந்தலுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். அத்தை குடும்பத்தோடு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அக்காவின் காதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கு அதை முடித்துவிடுவது என்று வந்திருந்தார்.

அக்காவுக்குப் புதுச்சேலை. பொங்கல் பானைக்கு முன்னால், பெட்டிகளுக்கு முதுகு காட்டி நின்றாள். பக்கத்தில் அத்தை. அப்பா மைக்கை எடுத்து ஒன்றும் சொல்லவில்லை, கேசட்டை மட்டும் தட்டிவிட்டார். தவில் உருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கண்களை மூடிக்கொண்டு நின்றதை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் அடி விழுந்ததும், பானையில் பொங்கி நின்ற நுரை அதிர்ந்தது, குழந்தைகள் வீரிட்டன, அக்கா திரும்பிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த அடிக்குத் தலையை ஆட்டினாள். அதற்கடுத்த அடிக்குக் கையைத் தட்டினாள். ஒரு அடி தப்பவில்லை. பிரஸ்ஸில் வேலை பார்த்த அத்தை மகன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

"பாத்தியா தாயி? இதுக்கு மேல என்ன வேணும்?" என்று அப்பா அத்தையிடம் கேட்டார்.

அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. ஊரு வாயத்தான் மூட முடியல. கம்பெனி திறந்துட்டாகள்ல? காது நல்லா இருந்தா ஏன் வேலைக்குப் போகாம வீட்ல வச்சிருக்காகன்னு கேக்குறாக. ரெண்டு மாசம் போயிட்டு வந்தான்னா ஒரு பயலும் பேச மாட்டான்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். விபத்தில் தப்பிய பெண்ணைப் பயம் தெளிய மறுபடி அதே வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போய்விட்டாள் என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அதைத்தான் விசாரிப்பார்கள்.

கம்பெனி போர்மேனும் பொங்கலுக்கு வந்திருந்தார். பட்டாசு ரூமில் காது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியாததல்ல. ஒரு ரூமில் சின்னதாகச் சீறினால்கூட யாராவது "ஓடு" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் காப்பாற்றும். என்ன ஏதென்று பார்க்காமல், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிட்டத்தில் இருக்கிற வாசல் வழியாக ஓட வேண்டும். வேலைக்குச் சேரும் அன்று முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அதனால்தான் ரூமில் ரேடியோகூட வைக்க விட மாட்டார்கள்.

"பிள்ளைக்கு நல்லாக் கேக்குதா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டார்.

"நீங்களே பாத்தீகள்ல?"

"பாத்தேன், பாத்தேன். சத்தத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியாததா? அனுப்பி வையுங்க. ஆர்டர் குமிஞ்சு கெடக்கு, கை பத்தல."

வைகாசியில் அக்கா மறுபடி வேனில் ஏறினாள். பக்கத்து வீட்டு மதினிக்கும் அவளோடு ஒரே ரூமில் வேலை. மதினிக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். அக்காவைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட்டுக் கூப்பிடுவார், சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து கை காட்டுவார், வேலைக்கும் எதிரெதிராகவே உட்காருவார். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுக்கிற பாவம் எதற்கு என்று அவர் நினைத்திருப்பார். எல்லாரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார்கள். இப்போது யோசித்தால் எனக்கு அதில்தான் கோபம் வருகிறது.

அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தாள். சாயங்காலம் வந்து குளித்துவிட்டு, அப்பா போடுகிற கேசட்டுக்குப் பெரிய பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்து உட்காருவாள். பாட ஆரம்பித்தாள். முன்பும் சுருதி சேராது, இப்போது வேறு பாட்டையே பாடினாள். அடி மட்டும் சரியாக விழும். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்பா தாளம் போடுவார்.

ஆனி மாதம். நான் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், கணக்குப் பாடம். ஜன்னல் கதவு தானாகத் திறந்து மூடியது. நெஞ்சில் யாரோ கையால் தள்ளின மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தச் சத்தத்துக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அம்மாவோ அக்காவோ கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் எழுந்து ஓடினோம். மைதானத்தில் நின்று பார்த்தோம். புகை தாயில்பட்டிப் பக்கம் எழுந்தது. சில பிள்ளைகள் "எங்கம்மா கம்பெனி அங்கன இல்ல" என்று மூச்சு விட்டார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் ஒரு கையில் வயரோடு நின்றிருந்தார். பிளக்கைச் செருகக் குனிந்தவர் நிமிர்ந்து நின்றவர்தான். அவரை யாரோ சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அக்காவை மறுநாள் மத்தியானம் கொண்டுவந்தார்கள். முழுக்கத் துணியால் சுற்றியிருந்தது. முகத்தைக் காட்டவில்லை. அம்மா துணியை விலக்கப் போனாள், பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அத்தை தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான அனுப்பச் சொன்னேன், நாந்தான அனுப்பச் சொன்னேன்" என்று அதையே சொன்னார். அவர் மகன் தெருவோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ரூமில் அக்காவைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். அது தெருவுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பயத்தில் கால் வராமல் போயிருக்கும் என்றார்கள். முதல் விபத்தின் நினைப்பு வந்து உறைந்திருப்பாள் என்றார்கள். அப்பா எதையும் காதில் வாங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்கு முன் மதினி வந்தார். இரண்டு கையிலும் கட்டு. அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அழுதார்.

"மாமா, நேத்து புதுசா ஒரு ஆள் வந்துச்சுன்னு என்னய வாசப் பக்கம் மாத்தி உக்கார வச்சிட்டாக மாமா. அவ எனக்கு முதுகக் காட்டி இருந்தா. வெளிய காயப்போட்ட சரக்குல புகைஞ்சுச்சு. எல்லாரும் ஓடுனோம். நான் வாசல்ல நின்னு கத்துனேன் மாமா, தொண்ட கிழியக் கத்துனேன். அவ பாட்டுக்குக் குனிஞ்சு பின்னிக்கிட்டே இருந்தா மாமா. திரும்பவே இல்ல."

அப்பா கூரையிலிருந்து பார்வையை இறக்கி மதினியைப் பார்த்தார்.

"எப்படித் தாயி கத்துன?"

"மாமா..."

"எப்படிக் கத்துன? ஒருக்காக் கத்திக் காட்டு."

"வேண்டாம் மாமா."

"கத்து தாயி."

யாரோ அப்பாவின் தோளைப் பிடித்தார்கள். அவர் தட்டிவிட்டார். மதினி எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு எழுந்தார், எங்கள் வீட்டு நிலைப்படிக்குப் போனார், வெளிப்பக்கமாக நின்றுகொண்டு, கட்டுப் போட்ட கைகள் இரண்டையும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், உள்ளே கிடந்த அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏ புள்ள, ஓடு!"

தெரு முழுக்கத் திரும்பியது. கல்லில் உட்கார்ந்திருந்தவர் துள்ளி எழுந்தார். பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர்கள் கம்பைப் போட்டுவிட்டுச் சிதறினார்கள். மடியில் தூங்கின ஒரு கைக்குழந்தை விழித்து அழத் தொடங்கியது. நானும் என்னை அறியாமல் கொல்லை வாசல் வரை ஓடியிருந்தேன்.

அப்பா தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் கேக்குது" என்றார்.